கண் திறக்கும் முன்

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஊருக்குள் இருக்காது, ஆற்றில் இருக்கும். தென்பெண்ணை மணலில் கரும்புக் கட்டு, சிறுவள்ளிக்கிழங்குக் குவியல், பொரிக்கடை, வளையல் கடை என்று ஒரே நாளுக்கான ஊர் ஒன்று முளைத்துவிடும். திருவண்ணாமலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு, வழிநெடுக ஊர்களின் வரவேற்பை வாங்கிக்கொண்டு, அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே வந்து சேர்கிறார். சுற்றுப்பட்ட ஊர்களின் சாமிகளும் ஆற்றுக்கு வந்து இறங்குகின்றன.

ஆண்டு முழுவதும் தன் ஊரில், தன் கோயிலில், தன் சனங்களின் கண்ணுக்கு மட்டுமே படுகிற ஓர் அம்மன், அன்றைக்கு ஒருநாள் பக்கத்து ஊர் அம்மனோடு ஒரே மணலில் நிற்கிறாள். ஒப்பிடாமல் இருக்க யாரால் முடியும்? கிழங்குப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டு நகர்கிறவர்களின் வாயில் வருவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டால் போதும். "மாலை பெருசு, மொகத்தையே காணோம்." "கிரீடம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாரு." "போன வருசம் இருந்த களை இப்ப இல்லியே." கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கை, அடுத்த நொடி அலங்காரத்தைச் சுட்டிக் குறை சொல்லும்.

முந்தின இரவு முழுக்க விழித்து அந்த அலங்காரத்தைச் செய்தவர், ஊசியும் நூலும் மடியில் செருகியபடி, பல்லக்குக்குப் பின்னால் நின்றிருப்பார். எல்லாமே அவர் காதில் விழும். கும்பிட வந்த கூட்டத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது. 'அது தெரிஞ்சேதான் அப்படி வெச்சேன்' என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. கலைத்துவிட்டு மறுபடி கட்ட நேரமும் இல்லை.

வீட்டு வரைபடத்தை உரிமையாளர் முன் விரிக்கிற பொறியாளரும், கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை நீட்டுகிற அச்சகக்காரரும், திரையில் ஒரு நிறுவனச் சின்னத்தைக் காட்டிவிட்டு எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிற வடிவமைப்பாளரும் நிற்பது இதே இடத்தில்தான். ஆற்று மணலில் ஒரு சிக்கல் கூடுதல், அவ்வளவே. அங்கே பொருள் செய்தவருடையதும் அல்ல, பார்த்தவருடையதும் அல்ல, சாமியுடையது. அப்படியானால் குறை சொல்வது பக்தியா, அபசாரமா? அதைக் காதில் வாங்கித் திருத்துவது தொண்டா, தொழிலை விட்டுக்கொடுப்பதா? தமிழ்ச் சமய மரபு இந்தக் கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சந்தித்த கதைகளில் சிலவற்றில் கடவுளே சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறார்.

'அலங்காரம்' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். கொழும்பில் 1877-ல் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசாமி, அணி என்பதைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிற 'அலம்' என்பதை எடுத்துக் காட்டினார். அலம் என்றால் போதும், நிறைவு. அலங்காரம் என்றால் ஒன்றைப் போதுமானதாக்குவது. மேலே பூசுகிற மினுக்கு அல்ல. அரசனுக்கு முடி எப்படியோ அப்படித்தான் சாமிக்கு அணி: அது இல்லாமல் அவர் தன் வேலைக்கு முழுமையாகத் தயாராகவில்லை என்று பொருள். இந்தக் கோணத்தில் பார்த்தால், கிழங்குப் பைக்காரர் ஒருவர் "என்னமோ கொறையுது" என்று சொன்னால் அது சும்மா வாய்ப்பேச்சு அல்ல. சொல்லின் வேருக்கே நேராகப் போய்த் தைக்கிற விமரிசனம் அது.

சரி, போதுமா போதாதா என்று தீர்மானிப்பது யார்?

இதற்கு ஒரு பதில் ஆற்றிலிருந்து வெகுதூரம் போகாமலே கிடைக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்துப் பட்டறைகளில் வாகையும் மாவும் வேம்பும் சாமியாகவும் வாகனமாகவும் கதவாகவும் மாறுகின்றன. மரவேலையில் ஒரு கறாரான நியதி உண்டு. களிமண்ணில் தப்பினால் அப்பலாம். மெழுகில் தப்பினால் உருக்கலாம். மரத்தில் எடுத்ததை எடுத்ததுதான். மூக்கு ஒரு நூல் அளவு குறைந்துவிட்டால் முகம் முழுவதையும் உள்ளே தள்ளிச் செதுக்க வேண்டும். அப்புறம் உடம்பு பெரிதாகத் தெரியும். அதனால் காட்டுவதற்கும் கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. கோடு போட்ட நிலையில் சொல்லலாம். உருவம் திரண்டு, கை கால் பிரிந்து, முகம் இன்னும் மொத்தையாக இருக்கும்போதும் சொல்லலாம். முகம் வந்த பிறகு சொல்பவர், செய்பவருக்கு உதவி செய்யவில்லை. தன் மனச்சுமையை இறக்கி வைக்கிறார்.

சிற்ப நூல்கள் இந்த உரையாடலுக்கு ஒரு பொது மொழியைக் கொடுத்திருக்கின்றன. அது அளவு. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கிற அளவுகோலில் இருப்பது அல்ல. அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பது. உயர்ந்த தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், மொத்தம் 124 பங்கு. தேவியருக்கு மத்திமம், 120 பங்கு. சுவாமிமலையில் வெண்கலம் வார்க்கிறவர்கள் இன்றும் ஒரு தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்தே எல்லா உறுப்புக்கும் அளவு எடுக்கிறார்கள். ஓலையை மடிக்கத் தெரிந்த யாருக்கும் அது ஒரே கணக்கைத்தான் சொல்லும். 'கை நீளமாயிருக்கு' என்று ஒருவர் சொன்னால் சண்டை தேவையில்லை; ஓலையை வைத்துப் பார்த்தால் ஆயிற்று. குறை சொன்னவர் பெரிய மனிதரா சின்ன மனிதரா என்ற கேள்வியே எழாது.

பிறகு கண்திறப்பு. வேலை எல்லாம் முடிந்த பின்னும் கண்ணில் கருவிழியை மட்டும் கீறாமல் விட்டு வைப்பார்கள். நல்ல நேரம் பார்த்து, பூசை செய்து, பொன்னூசியால் ஸ்தபதி அதைத் திறப்பார். வலக்கண் சூரியன், இடக்கண் சந்திரன். திறந்ததும் சாமியின் முன் கொண்டுவரப்படுபவை கண்ணாடி, கன்றோடு பசு, தானியம், கன்னிப்பெண் என்று ஒரு வரிசை. மக்கள் அதற்குப் பிறகுதான். சிந்தித்துப் பார்த்தால் உலகத்தில் இப்படியொரு காட்சிப்படுத்தல் அரிது. மற்ற இடங்களில் படைப்பைத் திரை விலக்கிப் பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள். இங்கே பார்வையாளர்களைத் திரை விலக்கிப் படைப்புக்குக் காட்டுகிறார்கள்.

இலங்கையின் பௌத்த விகாரைகளிலும் இதற்கு உறவான சடங்கு உண்டு. 1908-ல் வெளிவந்த தன் சிங்களக் கலை நூலில் குமாரசாமி அதைப் பதிவு செய்திருக்கிறார். புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கைவினைஞர் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டி எழுதுகிறார். அத்தனை மாதம் அந்த முகத்தோடு மூச்சு முட்டக் கிடந்தவருக்கே கடைசிக் கணத்தில் நேர்ப்பார்வை இல்லை. செய்தவனின் உரிமை முடிகிற இடத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் கோடு கிழித்துக் காட்டியதில்லை.

ஆக, மரபின் விடையில் இரண்டு பாகம். அளவு என்று பொதுவாக ஒன்று இருக்கட்டும். அதை வைத்துப் பேசு. கண் திறக்கும் முன் பேசு. கண் திறந்த பின் அது மரமும் இல்லை, உன் வேலையும் இல்லை, என் ரசனையும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவு நூலே ஊமையாகிற இடங்கள் இருக்கின்றனவே, அங்கே என்ன செய்வது? காஞ்சிபுரத்தில் இதே கேள்வி எழுந்ததாக ஒரு கதை உண்டு. குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை இயற்றினார். முதல் அடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பது ஐதீகம். அரங்கேற்றம் தொடங்குகிறது. முதல் செய்யுள், முதல் சொல். அவையில் ஒருவர் எழுந்துவிட்டார். 'திகழ்' என்பதும் பத்துக் கையைக் குறிக்கிற 'தசக்கரம்' என்பதும் சேரும்போது நீர் சொன்ன மாதிரி ஆகாது. அதற்கு இலக்கண விதி எங்கே?

கச்சியப்பர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதி வந்திருக்கிறார். முதல் சொல்லைத் தாண்ட முடியவில்லை. 'இது முருகன் வாக்கு' என்று சொன்னார். அவை மசியவில்லை. முருகன் சொன்னதாகவே இருக்கட்டும், விதி எங்கே என்றது. அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வந்தார். கையில் வீரசோழியம் என்ற இலக்கண நூல். சந்திப் படலத்தைப் புரட்டி விதியைக் காட்டினார். அவை ஒப்புக்கொண்டது. வந்தவர் யார் என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டார்; வந்தது முருகனே என்று கதை முடிகிறது.

கதை நடந்ததா இல்லையா என்பது வேறு. இப்படி ஒரு கதையைச் சொல்லிக்கொண்ட சமூகத்தின் மனசைத்தான் பார்க்க வேண்டும். கடவுள் நினைத்திருந்தால் அவையின் வாயை அடைத்திருக்கலாம், மின்னல் வெட்டியிருக்கலாம், மயிலையாவது அனுப்பியிருக்கலாம். புத்தகத்தோடு வந்தார். ஆட்சேபம் இலக்கணத்தில் என்றால் பதிலும் இலக்கணத்தில்தான் வேண்டும் என்று முருகனுக்கே தெரிந்திருக்கிறது. இன்னும் சுவையான செய்தி ஒன்று: வீரசோழியத்தை எழுதியவர் புத்தமித்திரர், பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துப் பௌத்தர். சூரனை வென்ற முருகன் தன் புராணத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பௌத்தரின் நூலைக் கைநீட்டி வாங்கியிருக்கிறார். 'நம்ம ஆள் சொன்னால் கேட்பேன், வேற்று ஆள் சொன்னால் கேட்க மாட்டேன்' என்று இருக்கிற எல்லாக் கூட்டங்களுக்கும் இந்த ஒரு தகவலே போதுமான பதில்.

மதுரைக் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகிறது. அதை எல்லோரும் அறிவார்கள். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தில் நாகேஷ் தருமியாக வந்து போனபின் அறியாதவர் இல்லை. பொதுவாக அந்தக் கதையில் நக்கீரரின் துணிச்சலைப் பற்றியே பேசுவார்கள். தருமியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அவருடைய தோல்வி பாட்டின் தோல்வி அல்ல. பாட்டு நல்ல பாட்டு. இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக இன்றைக்கும் நிற்கிறது. தருமி தான் செய்யாத ஒன்றை, சிவன் எழுதிக் கொடுத்ததை, தன்னுடையதாகக் கொண்டுபோய் அவையில் நின்றார். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரர் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாததற்குக் காரணம், அந்த முடிவை எடுத்தபோது அவர் அங்கே இல்லை. அலுவலகக் கூட்டங்களில் இளையவர் ஒருவர் இரவெல்லாம் வரைந்ததை மூத்தவர் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, முதல் கேள்விக்கே முழிப்பதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தருமி புராணப் பாத்திரம் அல்ல.

சிவனே நேரில் வந்தபிறகு நடந்தது வேறு. அவரும் பாட்டை விளக்கவில்லை. தன் நெற்றிக் கண்ணைக் காட்டினார். அதாவது விவாதத்தைப் பாட்டிலிருந்து தன்மேல் திருப்பினார். நக்கீரர் பாட்டிலேயே நின்றார். பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார், பிறகு மன்னிக்கப்பட்டார் என்று புராணம் நிதானமாக முடித்துவைக்கிறது. ஆனால் நக்கீரர் சொன்னது சரியா என்பதில் இன்றும் ஒரு முடிவு இல்லை. காதலன் தன் காதலியைப் பற்றிச் சொல்வதை உண்மை பொய் என்று அளந்து பார்க்கலாமா? கவிதையில் குற்றம் கண்டவர் கவிதையின் வகையைத் தவறாக எடுத்துக்கொண்டாரோ என்று கேட்க இடமுண்டு. குமரகோட்டத்தில் ஆட்சேபித்தவருக்கு ஒரு நூல் பதிலாக இருந்தது. மதுரையில் இல்லை. மதுரைக் கதை தீராமல் கிடப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சமயமும் கலையும் மோதுகிற இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெளியேயும் உண்டு. 1573-ல் வெனிஸ் நகரில் ஓவியர் பாவ்லோ வெரோனேசே ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கு இயேசுவின் கடைசி இராவுணவைத் தீட்டினார். பெரிய விருந்து; நாய், கோமாளி, குடித்திருக்கிற ஜெர்மானியச் சிப்பாய் எல்லாம் படத்தில். சமய விசாரணை மன்றம் கூப்பிட்டது. இவர்களுக்கு அந்தப் புனித இரவில் என்ன வேலை என்று கேட்டது. படத்தில் இடம் மிச்சமிருந்தால் நிரப்புவது ஓவியர்களின் வழக்கம், கவிஞர்களுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு என்கிற பாணியில் அவர் பதில் சொன்னார். மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. வெரோனேசே நாயையும் அழிக்கவில்லை, சிப்பாயையும் அழிக்கவில்லை. படத்தின் பெயரை மாற்றினார். கடைசி இராவுணவு 'லேவியின் வீட்டு விருந்து' ஆயிற்று. அந்த விருந்தில் பாவிகளும் இருந்ததாக நற்செய்தியே சொல்கிறது. மன்றம் அதற்குமேல் தோண்டவில்லை. இது தந்திரமா, தெளிவா? இரண்டும்தான். கேட்டவர்களின் சிக்கல் நாயில் இல்லை, நாய் எந்த விருந்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

தமிழில் அரங்கேற்றம் என்பதே பாராட்டுக்கூட்டம் அல்ல என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பெயர் இன்று நாட்டிய மேடைக்குப் போய், அழைப்பிதழும் விருந்துமாக மாறிவிட்டது. தொல்காப்பியத்தின் பாயிரம் அந்நூல் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்பவருக்கு ஐயம் நீங்கும்படி எடுத்துக்காட்டி அரங்கேறியதாகச் சொல்கிறது. நூலோடு சேர்த்துக் கேள்வி கேட்டவர் பெயரையும் பதிந்து வைத்திருக்கிறார்கள்! நன்னூல் பாயிரத்துக்கு உரிய செய்திகளை அடுக்கும்போது, எந்தக் களத்தில் அரங்கேறியது என்பதையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு என்கிறது. திருக்குறள் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. வரிசையும் கவனிக்கத் தக்கது: எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது முதலில், அஞ்சாமல் இருப்பது பிறகு. இன்றைய பயிற்சி வகுப்புகளில் பலவும் இரண்டாவதை மட்டும் காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருகின்றன.

அவையடக்கம் என்ற வழக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. காப்பியம் தொடங்கும் முன் புலவர் தன்னைத் தாழ்த்திக்கொள்வார். கம்பர் தன்னைப் பாற்கடலைக் குடித்துத் தீர்க்க வந்த பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டார். பூனைக்கு இருக்கிற பேராசை கம்பருக்கும் இருந்தது. அது அடக்கமா, அடக்கம் உடுத்திய பெருமிதமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தக் குறையும் எழும் முன்பே 'நான் எளியவன்' என்று கையைக் கட்டிக்கொள்வது எதிரில் இருப்பவர் வாயைக் கட்டுகிற வழியும்தான். பழைய புலவர்களைக் காப்பாற்றுவது, அதற்குப்பின் அவர்கள் அவையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள் என்பது. பாயிரத்தோடு எழுந்து போய்விடவில்லை.

இனி, அந்தக் 'களை'க்கு வருவோம். "மொகத்துல களை இல்ல" என்று ஆற்று மணலில் சொன்ன கிழவிக்குப் பதிலாக எந்த ஓலையை மடித்துக் காட்டுவது? 124 பங்கும் சரியாக இருந்து களை இல்லாமல் போகலாம். பங்கு கொஞ்சம் பிசகிய கிராமத்து அய்யனார் பார்ப்பவரை நடுங்க வைக்கலாம். கும்பகோணம் பக்கம் கோனேரிராசபுரத்தில் ஒரு பெரிய நடராசர் இருக்கிறார். அவரைப் பற்றி ஊர் சொல்கிற கதை இதைத்தான் சுற்றி வருகிறது. சிற்பி எத்தனை முறை வார்த்தும் அரசனுக்குத் திருப்தி இல்லை. எது குறை என்று அரசனுக்குச் சொல்லவும் தெரியவில்லை. கெடு வைத்தான், தவறினால் உயிர் போகும் என்றான். உலைக்களத்தில் உலோகம் கொதிக்கிறது. அப்போது பார்த்து ஒரு முதிய தம்பதி தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். வெறுத்துப்போயிருந்த சிற்பி, இதுதான் இருக்கிறது, வேண்டுமானால் குடியுங்கள் என்று உலையைக் காட்டினான். குடித்தார்கள், சிலையாக நின்றார்கள். அரசன் வந்தான். சிற்பி நடந்ததைச் சொன்னான். அரசன் நம்பவில்லை, உளியால் கீறினான், இரத்தம் வந்தது.

பக்தர்கள் இதில் இறைவனின் கருணையைப் பார்க்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் பார்ப்பது இன்னொன்று. 'பிடிக்கவில்லை' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, ஏன் என்று சொல்லத் தெரியாத ஒருவரைத் திருப்திப்படுத்த மனிதனால் ஆகாது, கடவுளே உலைக்குள் இறங்க வேண்டும் என்றுதான் இந்தக் கதை ஒத்துக்கொள்கிறது. இறங்கிய பிறகும் அந்த ஆள் உளியைத் தூக்குகிறார் என்பது கதை சொன்னவரின் குறும்பு.

ஆனால் அரசனையும் ஆற்று மணல் கிழவியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அரசன் சிலையை வாங்குகிறவன். கிழவி கும்பிடுகிறவள். "களை இல்ல" என்று அவள் சொல்லும்போது அது ரசனைத் தீர்ப்பு அல்ல. தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். போன வருடம் இந்த முகத்தைப் பார்த்தபோது உள்ளே ஏதோ நடந்தது, இந்த வருடம் நடக்கவில்லை. அதை மறுக்க ஸ்தபதிக்கோ அலங்காரக்காரருக்கோ எந்த நூலும் உதவாது. நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை. அதேசமயம், ஏன் நடக்கவில்லை என்று அவளைக் கேட்பதிலும் பயனில்லை. "மாலையக் கொறைச்சிருக்கலாம்" என்பாள். மாலை அதேதான், போன வருடம் தீவட்டி இடப்பக்கம் நின்றது, இந்த வருடம் டிராக்டர் மேல் வெள்ளை விளக்கை நேருக்கு நேர் கட்டியிருக்கிறார்கள், மூக்கின் நிழல் போய்விட்டது, முகம் தட்டையாகிவிட்டது. அது அலங்காரக்காரருக்குத்தான் தெரியும். நோவு அவளுடையது; கைப்பக்குவம் இவருடையது. நாடியைக் காட்டுகிறவர் மருந்தையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கினால் வைத்தியர் எதற்கு? வைத்தியர் 'உனக்கு வலிக்கவில்லை' என்று சாதித்தால் அவர் வைத்தியரே இல்லை.

சைவ சித்தாந்தம் ஆணவம் என்று சொல்கிற மலத்தை மனிதர் எல்லோரிடமும் பார்த்தாலும், அது தன்னை மிகத் தெளிவாகக் காட்டுவது இந்த நேரத்தில்தான்: தான் செய்ததைப் பிறர் தொட்டுப் பேசும்போது. 'மாலை பெரிசு' என்ற சொல் 'நீ சிறிசு' என்று காதில் விழுகிறது. பேச்சு சிலையைப் பற்றியது என்று அறிவு சொல்லும், காது கேட்காது. இதற்கு மருந்தாக மரபு வைத்திருப்பது பணிவு உபதேசம் அல்ல, பெயரை எடுத்துவிடுதல். ஆயிரக்கணக்கான கோயில் சிற்பங்களில் செதுக்கியவர் பெயர் கிடையாது. அது கைவினைஞர்களுக்குச் செய்த அநீதி என்று சொல்பவர்கள் உண்டு; அதில் நியாயமும் உண்டு, புகழ் எல்லாம் கூலி கொடுத்தவன் பெயருக்கே போயிற்று. என்றாலும் பெயர் இல்லாத சிலைமேல் சொல்லப்படும் குறை, போய் ஒட்ட ஓர் ஆள் இல்லாமல், சிலைமேலேயே நிற்கும் என்பதும் மெய்தான்.

மணலூர்பேட்டையிலிருந்து ஆறு கீழே திருக்கோவிலூரைத் தொட்டுப் போகிறது. அங்கே ஆற்றுக்குள் ஒரு பாறை, மேலே சின்னக் கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். பாரி போனபின் அவன் மகளிரை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்ததை, திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. அந்தக் கபிலர்தான் குறிஞ்சிப்பாட்டைச் செய்தவர். யாருக்காகச் செய்தார் என்பதும் பாட்டோடு பதிவாகியிருக்கிறது: ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவிப்பதற்காக. அகப்பொருள் என்றால் என்ன என்றே தெரியாத ஓர் அயலான் எதிரில். கபிலர் இலக்கணப் பாடம் எடுக்கவில்லை. ஒரு மலையைக் காட்டி, தினைப்புனம் காட்டி, 99 பூக்களைப் பெயர் பெயராக அவன் முன் கொட்டினார். 261 அடிக்குள் ஒரு காதல் நடந்து முடிந்தது. குறுந்தொகையில் ஆரிய அரசன் யாழ்ப் பிரமதத்தன் என்ற பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் அவன் கபிலருக்குச் சொன்ன கருத்து 'நன்றாயிருந்தது', 'நன்றாயில்லை' என்பதாக இருக்கவில்லை. உட்கார்ந்து தமிழில் தானும் ஒன்று எழுதினான்.

அதே திருக்கோவிலூரில்தான் அந்த இடைகழியும். மரத் திருமேனியாக உலகளந்த பெருமாள் நிற்கிற ஊர். மழை இரவில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமுள்ள ரேழியில் முதலாழ்வார் மூவரும் ஒண்டினார்கள். நாலாவதாக ஒருவர் நெருக்கினார். இருட்டு. பொய்கையாழ்வார் ஒரு விளக்கு ஏற்றினார், பூதத்தாழ்வார் ஒரு விளக்கு ஏற்றினார். இரண்டும் சொல்லால் ஆன விளக்குகள். பேயாழ்வார் விளக்கு ஏற்றவில்லை. அவர் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். நூறு பாட்டு, நூறு பாட்டு, நூறு பாட்டு என்று மூவருக்கும் வைணவம் சம இடம் கொடுத்திருக்கிறது. ஏற்றியவர்களைவிடப் பார்த்தவரைக் குறைத்து வைக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த இரவில் இரண்டு விளக்கும் ஒரு நெரிசலும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

தை ஐந்தாம் நாள் தீர்த்தவாரியில் அலங்காரம் செய்த உற்சவர் தண்ணீரில் முழுகுவதில்லை. அவர் சார்பில் அஸ்திரதேவர், அதாவது சூலம், ஆற்றில் இறங்கும். அலங்காரம் கரையில் நனையாமல் நிற்கும், பார்க்கிறவர்களுக்காக. பொழுது சாய்ந்து கடைகள் விளக்குப் போடும்போது சாமிகள் ஊர் திரும்பத் தொடங்கும். அவரவர் கோயிலில் இரவோடு இரவாக மாலையை அவிழ்ப்பார்கள். பூ வாடியிருக்கும், சந்தனம் வெடித்திருக்கும். மரச் சிலைக்குக் கண் திறந்தால் திறந்ததுதான். அலங்காரத்துக்குக் கண்திறப்பு இல்லை. அடுத்த தைக்கு முழுதாக ஓர் ஆண்டு இருக்கிறது. டிராக்டர் மேலே கட்டிய அந்த வெள்ளை விளக்கை எந்தப் பக்கம் மாற்றுவது என்று ஊக்கைக் கழற்றிக்கொண்டே ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார்.